எஞ்சினை மறைச்சுப்போட்டு எடுத்த படம்

#1 வல்லைவெளி

போன கிழமை நடந்தது. மனசுக்கை கிடந்து அரிக்குது. இஞ்சை எழுதினா ஆறும் எண்டு பாக்கிறன்.

நான் வான் ஓடுறனான். வெளிநாட்டுச் சனத்தை ஏத்திக்கொண்டு நல்லூர், கீரிமலை, கசூரினா, குறிகட்டுவான் எண்டு திரியிறது. இந்தமுறை ஐரோப்பாவிலை இருந்து மூண்டு பேர் கமெராவோடை வந்தவை. மீன்பிடிக்கிற ஆக்களின்ர வாழ்க்கையை எடுக்கோணுமாம். பருத்தித்துறைப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணையின்ர வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனன். விடிய அஞ்சரை. அண்ணை தொழிலாலை வந்து போட்டைக் கரைக்கு ஏத்திப்போட்டு வலை தட்டிக்கொண்டு நிண்டவர்.

கமெராக்காரன் முதல் சொன்னது, எஞ்சின் படத்திலை விழக்கூடாது எண்டு. சாக்காலை மூடினம். சாக்கு வடிவில்லையாம். பிறகு தென்னோலை வெட்டிக்கொண்டந்து போட்டம். அடுத்தது அண்ணையின்ர ரீசேட். பார்சிலோனா எண்டு எழுதினது. கழட்டச் சொன்னாங்கள். சாரம் பரவாயில்லையாம். ஜீபிஎஸ்சையும் ஒளிச்சு வைக்கச் சொல்லிப்போட்டு, நட்சத்திரத்தைப் பாத்துத் திசை பிடிக்கிறனான் எண்டு சொல்லுவாரோ எண்டு என்னைக் கேக்கச் சொன்னாங்கள். அண்ணை சிரிச்சுப்போட்டுச் சொன்னார்: "என்ர அப்பு பிடிச்சவர் தம்பி. எனக்கு விடிவெள்ளியை விட்டா ஒண்டும் தெரியாது."

இடையிலை அண்ணை தன்ர பாட்டிலை இந்திய இழுவைப் படகுகளைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டார். அறுந்த வலையைத் தூக்கி, எது பழைய பொத்தல், எது புதுசு எண்டு விரலை விட்டுக் காட்டினார். நான் மொழிபெயர்த்துக்கொண்டு நிக்கக் கமெராவை நிப்பாட்டிப்போட்டாங்கள். உது அரசியலாம். தங்கடை படம் காலம் தொடாத ஒரு கரையைப் பற்றினதாம்.

காலம் தொடாத கரை! சுனாமி தொட்ட கரை. சண்டை தொட்ட கரை. உந்தா, கொஞ்சம் மேற்கை போனா மயிலிட்டித் துறைமுகம், 27 வருசம் ஆமியிட்டைக் கிடந்து 2017இலைதான் சனத்திட்டைத் திரும்பி வந்தது.

அவங்கள் கெட்ட ஆக்களில்லை. அண்ணைக்கும் காசு குடுத்தவங்கள், எனக்கும் நல்லாத் தந்தவங்கள். அதுதான் எனக்குக் குழப்பமாக் கிடக்குது. உதைப் பகிடியெண்டு விடுறதோ, இல்லாட்டி உண்மையிலை எங்களுக்குக் கேடு வாற விசயமோ?

#2 பனங்கிழங்கு

காசு வாங்கினனியள்தானே, பிறகென்ன புலம்பல்? நானும் ஒரு விடுதி நடத்துறன். கிணத்தடியிலை துலா வைச்சிருக்கிறன். தண்ணி அள்ளுறது மோட்டரிலை. ஆனா வாற சனம் படம் எடுக்கிறது துலாவைத்தான். அவைக்கு வேண்டியதை விக்கிறதுக்குப் பேர் யாவாரம்.

எங்கடை ஆக்கள் மட்டும் என்ன? வெள்ளைக்காரன் குளிக்கமாட்டான், தாய் தகப்பனைப் பாக்கமாட்டான், கலியாணம் கட்டினா ஒரு வருசம் தாங்காது. உதைச் சொல்லாத வீடு யாழ்ப்பாணத்திலை ஒண்டு காட்டுங்கோ பாப்பம்.

#3 ஸ்காபரோச் சித்தப்பா

பனங்கிழங்கு, நீர் வெள்ளைக்காரனைப் பற்றி என்ன நினைச்சாலும் அவனுக்கு வீசா மறுக்க உம்மாலை ஏலாது. வித்தியாசம் அதிலைதான் கிடக்கு.

2010 ஓகஸ்ற்றிலை சண் சீ கப்பல் கனடாவுக்கு வந்தது. 492 தமிழர். கரை தட்ட முதலே மந்திரிமார் வாயிலை வந்த சொல்லு பயங்கரவாதி, ஆள்கடத்தல்காரர். உள்ளை பெண்டுகளும் பிள்ளையளும் இருந்தவை. வந்த சனத்தைத் தடுப்பிலை வைச்சுத்தான் ஆராண்டு விசாரிச்சவை. அந்தக் கிழமை என்னோடை வேலை செய்யிற ஒருத்தன், பத்து வருசப் பழக்கம், தேத்தண்ணி நேரத்திலை கேட்டான்: "நீங்களும் அந்த மாதிரிக் கப்பலிலையோ வந்தனியள்?" நான் வந்தது பிளேனிலை, ரிக்கற் எடுத்து. அவன் கெட்ட எண்ணத்திலை கேக்கேல்லை எண்டும் தெரியும். ஆனா அண்டையிலை இருந்து அவனுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட எனக்கு மனம் வரேல்லை.

ஒரு பக்கம் தென்னோலைக்குக் கீழை சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஏழை. மற்றப் பக்கம் கப்பலிலை வாற பயங்கரவாதி. ரெண்டுக்கும் நடுவிலை லீசிங் கட்டி எஞ்சின் வாங்கின ஒரு மனிசன் நிக்கிறான். அவனை ஒருத்தரும் படம் எடுக்கிறேல்லை.

#4 கறுத்தக்கொழும்பான்

தம்பி வல்லைவெளி, நீர் கண்டது புதுக் கூத்தில்லை. முந்நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகிற கூத்து. ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளும்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். அவர்களோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ். 1672இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் ஒல்லாந்தில் வந்தது. மலபார், சோழமண்டலம், இலங்கை மூன்றையும் பற்றியது. அதில் கீழைத்தேசத்தாரின் விக்கிரக ஆராதனைக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஐரோப்பாவிலே பல மொழிகளில் வாசித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நம்முடைய ஊரில் வருடக்கணக்காகக் குடியிருந்த மனிதர், நம்முடைய சாமிகளைப் பற்றி எழுதும்போது அயல்வீட்டுக் கோயிலை எட்டிப் பார்த்து எழுதவில்லை. மலையாளக் கரையில் இருந்த பெனிசியோ என்ற இயேசுசபைப் பாதிரியாரின் கைப்பிரதியில் இருந்து பெரும்பகுதியை எடுத்துப் போட்டார். பிற்காலத்து ஆய்வாளர்கள் அதை ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றுதானே என்ற எண்ணம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம்மை அழைத்த பெயரே மலபாரிகள்!

பிறகு 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது. இங்கே எனக்கு ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்லுகிறேன். நான் பிறந்தது வட்டுக்கோட்டை. 1823இல் அங்கே அவர்கள் தொடங்கிய செமினரி இல்லையென்றால் கறோல் விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்திருப்பார்களோ தெரியாது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் மொழிபெயர்த்து, தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். நம்முடைய ஆட்கள் இங்கிலிஷ் வேண்டும் என்று நின்ற காலத்தில் வந்த ஒரு அமெரிக்கர் தமிழுக்காக நின்றார்.

அதே மிஷன்தான் 1855இல் செமினரியை மூடியது. பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் வந்து பார்த்தார். பெடியள் இங்கிலிஷும் வானசாஸ்திரமும் கணிதமும் நன்றாகப் படிக்கிறார்கள், ஆனால் கிறிஸ்தவர்களாக நிலைப்பது போதாது, உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள் என்பது கணக்கு. ஆக, நம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஒரு சுதேசியை. கிடைத்தது கிரகணத்தைக் கணிக்கத் தெரிந்த உத்தியோகத்தன். உமது கமெராக்காரன் எஞ்சினுக்குத் தென்னோலை போட்டான். பொஸ்ரன்காரர் பள்ளிக்கூடத்தையே மூடிப்போட்டார்கள்.

#5 பனங்கிழங்கு

வாத்தியார் எழுதினதை வாசிச்சு முடிக்க என்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு. ஆனா செமினரிக் கதை எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ளுறன்.

#6 லாச்சப்பல் அக்கா

நான் பாரிசிலை 22 வருசம். ஒரு விசயம் சொல்லுறன், உங்கை ஊரிலை இருக்கிறவைக்குத் தெரிஞ்சிருக்காது. இஞ்சை வைத்தியத் துறையிலை "மெடிற்றரேனியன் சின்ட்ரோம்" எண்டு ஒரு பேச்சு இருக்கு. ஒரு புத்தகத்திலையும் உள்ள வருத்தமில்லை. தெற்கிலை இருந்து, ஆபிரிக்காவிலை இருந்து வந்த சனம் நோவைக் கூட்டிச் சொல்லுவினம், சும்மா கத்துவினம் எண்ட நினைப்புக்கு வைச்ச பேர். எங்களை மாதிரி மண்ணிறத் தோலும் அந்தக் கணக்கிலை விழுகிறதுதான்.

அம்மாவுக்கு வயித்துக்குத்து வந்து கொண்டுபோனன். அம்மா கத்துற ஆள். ஐயோ முருகா, பெத்த அம்மா எண்டு வாசல் வரைக்கும் கேக்கும். ஊரிலை உது சாதாரணம், கத்தினாத்தான் நோவெண்டு ஆக்களுக்கு விளங்கும். இஞ்சை தாதிமார் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சவை. நாலரை மணித்தியாலம் வாங்கிலை வைச்சிருந்தவை. பித்தப்பைக் கல். கடைசியிலை ஒரு இளம் டொக்டர் வந்து வயித்தைத் தொட்டவுடனை அவரின்ர முகம் மாறினதை நான் கண்டனான்.

இப்ப அம்மா கத்திறேல்லை. அவவுக்கு நோ வந்தா எனக்குச் சேலைத் தலைப்பைப் பாத்துத்தான் தெரியும், வாயுக்கை வைச்சுக் கடிச்சிருப்பா. "கத்தினா உவை நம்பமாட்டினம் பிள்ளை" எண்டு சொல்லுறா. 71 வயசிலை ஒரு மனிசி அழுகிற விதத்தை மாத்தியிருக்கிறா. வல்லைவெளித் தம்பி, பகிடியோ கேடோ எண்டு கேட்டனியள்.

#7 கோப்பாய்ச் சந்தி

அக்கா, என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை. அம்மா இப்ப சுகமோ?

#8 லாச்சப்பல் அக்கா

சுகம் தம்பி. ஒடியல் கூழ் குடிக்கக்கூடாது எண்டு சொன்னதுக்கு டொக்டரோடை இன்னும் கோவம்.

#9 பேராதனை மரநிழல்

எட்வர்ட் சயித் 1978இல் 'ஓரியண்டலிசம்' என்ற நூலில் எழுதியதைத் தொடாமல் இந்தப் பேச்சு நகராது என்று நினைக்கிறேன். அவர் சொன்னதன் சாரம்: மேற்கு கிழக்கைப் பற்றி எழுதிய எழுத்து வெறும் தவறான தகவல் இல்லை, ஆளுவதற்கான ஏற்பாடு. எது கிழக்கு, யார் சோம்பேறி, யார் ஆன்மிகவாதி என்று வகுத்து வைத்தால், அவர்களை நடத்த நாங்கள் தேவை என்று சொல்வது இலகு.

எங்கள் தீவுக்கு வந்த மிகப் பெரிய கேடு படங்களால் வந்ததில்லை, வகைபிரிப்பால் வந்தது. 1786இல் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் உறவு இருக்கிறது என்றார். 1856இல் கால்ட்வெல் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று ஒப்பிலக்கணம் எழுதினார். இரண்டும் மொழியைப் பற்றிய பேச்சு. அது எப்போது இரத்தமாக மாறியது? சிங்களவர் ஆரியர், தமிழர் திராவிடர், இரண்டு வெவ்வேறு இனம், வெவ்வேறு உடம்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஆரியர் என்ற சொல்லைப் பரப்பிய மொழியியலாளர் மாக்ஸ் முல்லரே 1888இல் தலையில் அடித்துக்கொண்டார். ஆரிய இரத்தம் என்று பேசுகிற இனவியலாளன், நீண்ட மண்டை ஓட்டு அகராதி என்று பேசுகிற மொழியியலாளன் அளவுக்குப் பாவி என்ற கருத்தில் எழுதினார். கேட்கத்தான் ஆளில்லை.

அதற்கு முன்பே, 1833இல் பிரித்தானியரின் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு வந்த சட்டநிரூபண சபையில் சுதேசிகளுக்கான இடங்களைச் சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாயிற்று. ஊரால், தொழிலால், மதத்தால், சாதியால் எத்தனையோ விதமாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட மனிதன் அரசாங்கத்திடம் போனால் இனத்தால் மட்டும்தான் பேசலாம் என்று ஆகிவிட்டது.

(1984இல் வந்த ஒரு ஹொலிவூட் படம், இண்டியானா ஜோன்ஸ் வரிசையில் இரண்டாவது. இந்திய அரசு அனுமதி மறுத்ததால் இந்தியக் கிராமத்தைக் கண்டியில் எடுத்தார்கள். வட இந்தியக் கிராமத்தார் சிங்களத்தில் பேசுகிறார்கள், விருந்தில் குரங்கு மூளை வருகிறது! உலகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு பார்த்தது. பால்டேயஸ் செய்ததும் இதுதானே வாத்தியார்?)

#10 கறுத்தக்கொழும்பான்

அதேதான் தம்பி. முந்நூறு வருடம் கழித்தும் அயல்வீட்டை எட்டிப் பார்க்கவில்லை.

#11 பனங்கிழங்கு

எல்லாத்தையும் வெள்ளைக்காரன் தலையிலை கட்டினாச் சரியோ? அவன் 1948இலை போட்டான். 56இன்ர தனிச்சிங்களச் சட்டமும் 83இன்ர கலவரமும் அவன் செய்ததோ?

#12 உறுதிக்கட்டு

நான் காணி உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசிட்டைக் கிளாக். மூண்டு நாளா வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். படம், புத்தகம் எண்டு கதைக்கிறியள். வெள்ளைக்காரன் எங்களைப் பற்றி எழுதின ஒரு எழுத்து இண்டைக்கும் என்ர மேசையிலை சட்டமாக் கிடக்குது. பனங்கிழங்கரின்ர கேள்விக்கும் அதுக்கை மறுமொழி இருக்கு.

செவ்வாய்க்கிழமை ஒரு ரீச்சர் வந்தவ. சீதனமா வந்த வளவு. மகளின்ர படிப்புக்காக ரெண்டு பரப்பு விக்கோணும். உறுதியைப் பொலித்தீன் பையிலை போட்டு, மேலை ஒரு பழைய துவாயாலை சுத்திக் கொண்டந்தவ. நான் திகதி, எல்லை எல்லாம் பாத்திட்டு வழக்கமாக் கேக்கிறதைக் கேட்டன்: "அவர் கையெழுத்து வைக்க வருவாரோ?" அவர் சுவிசிலை. பதினொரு வருசம். அங்கை வேறை குடும்பம். அவ ஒண்டும் சொல்லேல்லை, அந்தத் துவாயை மடிச்சு, மடிச்சு, உள்ளங்கையளவு ஆக்கிக்கொண்டிருந்தவ.

தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழற்ரை சட்டத்தின்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சொந்தக் காணியை விக்கப் புருசன்ர எழுத்திலை சம்மதம் வேணும். கைவிட்டிட்டுப் போனவர் எண்டா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அவரின்ர சம்மதத்துக்குப் பதிலாக் கட்டளை எடுக்கோணும். செலவு, தவணை, அலைச்சல்.

சரி, உது எங்கடை ஆதிவழமை எண்டு எல்லாரும் சொல்லுவினம். எழுத்திலை ஆர் தந்தது? 1706இலை ஒல்லாந்த தேசாதிபதி சைமன்ஸ் கட்டளை போட்டவர். எழுதினவர் திசாவையா, அதாவது பகுதி நிர்வாகியா இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்திலை முப்பது வருசத்துக்கு மேலை இருந்த ஆள். 1707இலை முடிஞ்சுது. சரி பாக்கச் சொல்லி எங்கடை ஊர்ப் பெரியாக்களான பன்னிரண்டு முதலிமாரிட்டைக் குடுத்தவை. முதலிமார் ஓமெண்டிட்டினம். இங்கிலிஷ்காரன் 1806இலை அதைச் சட்டமா உறுதிப்படுத்தினான். 1911இலை ஒரு கட்டளைச் சட்டம் போட்டு அந்தச் சம்மத விசயத்தை வடிவா எழுதி வைச்சான். தேசவழமை ஆருக்குச் செல்லும் எண்ட இடத்திலை இப்பவும் "யாழ்ப்பாண மாகாணத்து மலபார்க் குடிகள்" எண்டுதான் கிடக்குது. வாத்தியார் சொன்ன அதே மலபார்.

உதுக்கை நல்லதும் இருக்கு. தாயின்ர சீதனம் மகளுக்குப் போற வழி, பொம்பிளைக்கெண்டு தனிச் சொத்து, உதெல்லாம் இங்கிலாந்திலையே பொம்பிளையளுக்கு இல்லாத காலத்திலை எங்களிட்டை இருந்தது. அதைப் பற்றி ஒருத்தரும் கெட்டதாச் சொல்லேல்லை. எழுதாமல் ஊரோடை கிடந்திருந்தா வழமை ஊரோடை மாறியிருக்கும். கிழக்கத்தையான் மாறமாட்டான், அவனுக்கு ஒரே ஒரு வழமைதான் எண்டு நினைச்ச ஒருத்தன் ஒரு வருசத்திலை நிண்டு படம் எடுத்தான். அந்தப் படத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, தொடாதேங்கோ எங்கடை பாரம்பரியம் எண்டு இண்டைக்குச் சண்டைக்கு வாறது ஆர்? ஒல்லாந்தனோ? நாங்கள்தான்.

#13 கிடுகுவேலி

உறுதிக்கட்டு அண்ணை, நீங்கள் ஒரு பகுதியை விட்டிட்டியள். அதே தேசவழமையிலை அடிமையளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கு. எந்தச் சாதி ஆருக்கு அடிமை எண்டு பேர் சொல்லி எழுதினது. 1844இலை இலங்கையிலை அடிமை முறையை ஒழிச்சாப் பிறகுதான் அது செல்லாமப் போனது. அதையும் அந்தப் பன்னிரண்டு முதலிமார் வாசிச்சுச் சரியெண்டவை. முதலிமாரிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டினம், கேக்கத் தேவையில்லை.

நான் முதலாம் பதிவிலை இருந்து வாசிக்கிறன், எல்லாரும் "நாங்கள்", "எங்களை" எண்டுதான் எழுதிறியள். இங்கிலிஷ் அகராதியிலை "பறையா" எண்டு ஒரு சொல் கிடக்கு, ஒதுக்கப்பட்டவன் எண்ட கருத்திலை. எங்கடை தமிழிலை இருந்து போன சொல். சுருட்டு போச்சு, கட்டுமரம் போச்சு, கறி போச்சு, உதுவும் போச்சு. வெள்ளைக்காரன் பத்திரிகையிலை ஏதோ ஒரு நாட்டைப் "பறையா நாடு" எண்டு எழுதேக்கை அவனுக்கு அது ஒரு சாதியின்ர பேர் எண்டே தெரியாது. அது அவன்ர பிழை. ஆனா அந்தப் பேருக்கு அந்தக் கருத்தை ஏத்தி, கப்பலிலை அனுப்பி வைச்சது ஆர்?

யாழ்ப்பாணம் எண்டாக் கந்தபுராண கலாசாரம் எண்டு சொல்லுவினம். வெள்ளைக்காரன் வைச்ச பேரில்லை, எங்கடை பண்டிதர் வைச்சது. அந்தக் கலாசாரத்தின்ர கோயில் வாசலிலை, மாவிட்டபுரத்திலை, 1968இலை என்ர அம்மப்பா நிண்டவர், எங்கடை சாதியையும் உள்ளுக்கு விடச் சொல்லி. நெத்தியிலை அடிபட்ட தழும்பு சாகும்வரைக்கும் இருந்தது. அவரைக் கேட்டிருந்தா எஞ்சினைக் காட்டாதே எண்டு சொன்ன கமெராக்காரனும், கோயிலுக்கை நிக்காதே எண்டு சொன்னவையும் ஒரே வேலைதான் செய்யினம் எண்டிருப்பார். வடிவான படத்துக்கை இடைஞ்சலா நிக்கிறதைத் தள்ளிவிடுறது.

#14 கறுத்தக்கொழும்பான்

பிள்ளை, 1968இல் நான் ஆசிரியர் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். மாவிட்டபுரத்துக்கு நான் போகவில்லை. எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

#15 கிடுகுவேலி

ஐயா, எழுதினதே காணும்.

#16 பனங்கிழங்கு

நான் இந்த இழைக்குச் சண்டை பிடிக்கத்தான் வந்தனான். இப்ப துலாவைப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. கழட்டமாட்டன், செலவு செய்து கட்டினது. ஆனா மோட்டரை மறைச்சுக் கட்டின தட்டியை எடுத்திட்டன். வந்து நிக்கிற ஒரு பெட்டை, ஜேர்மன் போல, மோட்டரைப் பாத்திட்டு எத்தினை லீற்றர் இறைக்கும் எண்டு கேட்டுது. தேப்பன் விவசாயியாம். அரைமணித்தியாலம் தண்ணி உப்பாகிறதைப் பற்றிக் கதைச்சம். வெள்ளைக்காரனோடை அப்பிடிக் கதைச்சது முதல்தரம்.

#17 ஸ்காபரோச் சித்தப்பா

வல்லைவெளி, அந்தப் படம் வெளியாலை வந்திட்டுதோ? அண்ணை பாத்தவரோ?

#18 வல்லைவெளி

வந்திட்டுது. யூரியூப்பிலை. நேற்றுப் போனிலை கொண்டுபோய்க் காட்டினன். வலையைப் போட்டிட்டு, கையைச் சாரத்திலை துடைச்சுப்போட்டு வாங்கிப் பாத்தார். பின்னணியிலை புல்லாங்குழல் வாசிக்கிறாங்கள். ஒண்டும் சொல்லேல்லை. முடிஞ்சாப் பிறகு திரும்ப முதலிலை இருந்து போடச் சொன்னார். ரெண்டாந்தரம் ஒரு இடத்திலை நிப்பாட்டி, விரலாலை பெருப்பிச்சுப் பெருப்பிச்சுத் தென்னோலையைப் பாத்தார்.

"உதுக்குக் கீழைதானே நிக்குது? அஞ்சு வருசம் கட்டினனான் தம்பி. போன மாசம்தான் கடைசிக் காசு கட்டி முடிச்சது."

#19 பேராதனை மரநிழல்

அண்ணை, அந்தக் காணொளியின் இணைப்பைப் போடுங்கோ, வகுப்பில் காட்டலாம்.

#20 வல்லைவெளி

போடமாட்டன். அதை ஏற்கெனவே ரெண்டு லட்சம் பேர் பாத்திட்டினம். அண்ணையின்ர எஞ்சினோடை ஒரு படம் நான் எடுத்து வைச்சிருக்கிறன், ரீசேட்டும் போட்டிருக்கிறார். வேணுமெண்டா அதைப் போடுறன்.